பளபளப் பெட்டிக்கு நாலு சாமான்

கெய்னர் பாஸ்க்குக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, டீ போடாமலே போய்விடுவாள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கெட்டில் கொதிப்பதும் அணைவதுமாகவே இருந்தது. அவள் கணவன் நைஜல், பள்ளிக்கூடச் சமையற்காரன், நிலைமையைப் புரிந்துகொண்டு தோட்டத்துக்குப் போய், களையே இல்லாத பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் அவர்களுடைய பழைய கார், முன்சக்கரம் ஒன்று இல்லாமல் தாங்கிகள் மேல் நின்றது. அந்தச் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் துருவேறி இறுகிப்போயிருந்தது. புதியதை வாங்கி வைத்தாயிற்று. பழையதைக் கழற்றினால் போதும். கழற்றித்தான் ஆகவேண்டும். லிங்கன்ஷயரின் சர்க்கரைக்கிழங்கு வயல்களுக்கு நடுவில் தனித்தனியாகக் கிடக்கும் வீடுகளுக்குப் போய், அங்கே இருக்கும் கிழங்கட்டைகளை எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு வருவது கெய்னரின் வேலை. பஸ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. திங்கட்கிழமை கார் ஓடாவிட்டால் அந்தச் சுற்று வேறு ஆளுக்குப் போய்விடும். போனது திரும்பாது.

கோபம் காரின் மேல் இல்லை. அந்த வாரம் அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. நைஜல் ஒரு பெரிய பெட்டியைப் பரிசாகக் கொடுத்தான். திறந்தால் கண் கூசியது. பல்வரிசை மாதிரி அடுக்கடுக்காக, போல்ட் தலையில் மாட்டித் திருகும் சாக்கெட்டுகள், ஸ்பேனர்கள், எதற்கென்றே தெரியாத முனைகள். கெய்னரும் சந்தோஷப்பட்டாள், பாவம். சனிக்கிழமை அதிலிருந்து ஒரு சாக்கெட்டை எடுத்துக் காலிப்பர் போல்ட்டில் மாட்டி அழுத்தியபோது அது வழுக்கி, போல்ட்டின் மூலையைத் தின்றுவிட்டது. உள்ளே பன்னிரண்டு பட்டை. துருப்பிடித்த போல்ட்டுக்கு ஆறு பட்டைதான் வேண்டும், அதுதான் பக்கத்தைப் பிடிக்கும், மூலையைச் சுரண்டாது. தன் பழைய பெட்டியில் இருக்கிறதே என்று ஷெட்டுக்குப் போனாள். பெட்டி இருந்த இடத்தில் தூசி படாத ஒரு செவ்வகம்தான் இருந்தது.

“அதை டெஸ்மண்டுகிட்ட தூக்கிக் குடுத்துட்டேன்மா. எல்லாம் துரு. ரெண்டு ஒரே மாதிரி இல்ல. நீ அதை வச்சுக்கிட்டு அல்லாடுறதப் பாக்கச் சகிக்கல” என்றான் நைஜல். பெருமையாகவே சொன்னான்.

ஒரே மாதிரி எப்படி இருக்கும்? பத்தொன்பது வயதில் அவள் வாங்கிய முதல் காரைப் பற்றி, அவளிடம் பேசாமல் அவளோடு வந்த பையனிடம் விளக்கிச் சொன்னான் ஒரு மெக்கானிக். அன்றைக்கு வந்த கோபத்தில், சாக்கெட்டை மாட்டித் திருகும் கைப்பிடி, ஒரு ராட்செட் வாங்கினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலையும் எதைக் கேட்டதோ அதை மட்டும், கேட்டபோது மட்டும், வாங்கினாள். செட்டாக வாங்கவே இல்லை. தேவைப்பட்ட ஸ்பேனர் எங்கும் கிடைக்காதபோது, ஒன்றை அடுப்பு நெருப்பில் சிவக்கவைத்துத் தானே வளைத்தாள். அந்தப் பெட்டியில் இருந்தவை சாமான்கள் இல்லை, கெய்னர் இத்தனை வருஷம் போட்ட சண்டைகள்.

டெஸ்மண்ட் வீடு காலி செய்கிறவர்களிடம் சாமான் அள்ளுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே வயலில் நடக்கும் பழைய சாமான் சந்தையில் கடை விரிப்பான். மறுநாள் காலை கெய்னர் பளபளப் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டினாள். புறப்படும்போது சமையலறைக்குள் திரும்பி வந்து, நைஜலின் கத்தியை எடுத்தாள். அவன் அதை யாரையும் தொடவிடமாட்டான், தானே கழுவித் தானே துடைப்பான். துணியில் சுற்றிக் கூடையில் போட்டுக்கொண்டாள். வழியில் போலீஸ் நிறுத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியாது. அவள் இருந்த மூடில் போலீஸ்தான் பதில் சொல்லவேண்டி இருந்திருக்கும்.

டெஸ்மண்டின் தார்ப்பாயில், உடைந்த பொம்மைகளுக்கும் மீன்வறுக்கும் சட்டிக்கும் நடுவே, அவளுடைய பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அது தன்னுடையது, புருஷன் தெரியாமல் கொடுத்துவிட்டான் என்று சொன்னாள். டெஸ்மண்ட் ஃபிளாஸ்கிலிருந்து நிதானமாக டீ ஊற்றிக்கொண்டான். கொடுத்தவன் சந்தோஷமாகக் கொடுத்தான், பெட்டியை வேனில் ஏற்றவும் கை கொடுத்தான் என்றான். பளபளப் பெட்டியைத் திறந்து பார்த்தான், முகம் மலரவில்லை.

“இந்த மாதிரி வாராவாரம் வருது கண்ணு. புருஷன் வாங்கிக் குடுப்பான், பொண்டாட்டி கொண்டாந்து கொட்டுவா. இதுக்கு நாலு சாமான் எடுத்துக்க. அதுக்கு மேல கட்டாது.”

பிறகு அவன் பார்வை கூடைக்குப் போனது. துணி விலகியிருந்தது. கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான், முன்கை முடியில் வைத்து மழித்துப் பார்த்தான்.

“இதக் குடு. உன் பழைய பெட்டியோட எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ.”

அதற்காகத்தானே கொண்டுவந்தாள். ஆனால் கத்தியின் மரப்பிடியில் நைஜலின் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதே மாதிரிப் பள்ளம் அவள் சுத்தியல் பிடியிலும் இருந்தது. சுத்தியல் அங்கேயே, காலடியில், கிடந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்துத் தொலைத்துவிட்டாள்.

“அது விக்கிறதுக்கில்ல.”

“பின்ன எதுக்குக் கொண்டாந்த?”

“காத்து வாங்க.”

கத்தியைப் பிடுங்கித் துணியில் சுற்றினாள். கொடுக்க மனசு வரவில்லையே என்று, அதற்கும் சேர்த்து நைஜல் மேல் கோபம் வந்தது.

நாலு. குனிந்து உட்கார்ந்தாள். முதலில் கை போனது ராட்செட்டுக்குத்தான், பத்தொன்பது வயது ராட்செட்டுக்கு. பிடித்துப் பார்த்தாள். இறுகிய போல்ட்டில் அதை வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் பல் போய்விடும், நாளைய வேலைக்கு அது உதவாது. கீழே வைத்தாள். ஆறுபட்டை சாக்கெட் ஒன்று, வேண்டிய அளவில் அது மட்டும். அதைத் திருக நீளமான இரும்புக் கம்பி. பிரேக் குழாயின் நட்டைச் சுற்றிப் பிடிக்கும், ஒரு பக்கம் வாய் திறந்த ரிங் ஸ்பேனர். தின்றுபோன போல்ட்டில் சாக்கெட்டை அடித்து இறக்க அந்தச் சுத்தியல். நாலு முடிந்தது.

ஐந்தாவதாக அவள் வளைத்த ஸ்பேனர் அடியில் கிடந்தது. பிரேக்கில் ஏர் எடுக்கும், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியே விடும், சின்னத் திருகை, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில், அது ஒன்றுதான் எட்டும். அவள் பார்ப்பதை டெஸ்மண்ட் பார்த்தான்.

“அது வளைஞ்சுபோச்சு கண்ணு. குப்பை. வேணும்னா சும்மா எடுத்துக்க.”

கெய்னர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. போகிற வழியில் குப்பைத்தொட்டி இருந்தால் போட்டுவிடுகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். சைக்கிள் வயலைத் தாண்டியபிறகுதான் சிரித்தாள், அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ராட்செட் ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கத்தியைச் சமையலறை மேஜையில் வைத்தாள். நைஜல் கத்தியைப் பார்த்தான், துணியைப் பார்த்தான், கேரியரில் பெட்டி இல்லாததையும் ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

“இத எங்க கூட்டிட்டுப் போன?”

“சந்தைக்கு. நல்ல விலை கேட்டாங்க.”

அவன் முகம் வெளுத்தது. நாற்காலியில் உட்கார்ந்து கத்தியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, “எனக்குத் தோணவே இல்ல, கெய்” என்றான். அவள் கெட்டிலைப் போட்டாள்.

சாக்கெட் சுத்தியலுக்குப் பணிந்து இறங்கியது. கம்பியில் தொங்கி அழுத்தினாள். போல்ட் முனகியது, நைஜலைத் திட்டினாள், டெஸ்மண்டைத் திட்டினாள், அந்தப் பழைய மெக்கானிக்கையும் விட்டுவைக்கவில்லை, ‘டக்’ என்று விட்டது. சாயங்காலத்துக்குள் புதுக் காலிப்பர் ஏறிவிட்டது. மிச்சம் ஏர் எடுப்பதுதான். அதைத் தனியாகச் செய்யமுடியாது. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கவேண்டும், இன்னொரு ஆள் வெளியே திருகைத் திறந்து மூடவேண்டும். உலகத்தில் அவளுக்கு அப்போது பிடிக்காத ஒரே ஆளைக் கூப்பிட்டாள்.

நைஜல் கைதி மாதிரி வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

“மிதி. அப்படியே புடி.” வளைந்த ஸ்பேனர் திருகைத் திறந்தது. குழாயில் பிரேக் ஆயில் குமிழ் குமிழாக வந்தது. மூடினாள். “விடு. மிதி.”

டெஸ்மண்டிடம் அடுத்த ஞாயிறு தான் போய் மீதியைக் கேட்டுப் பார்ப்பதாக உள்ளிருந்து அவன் சொன்னான். பேசாமல் மிதிக்கச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் குமிழ் நின்று ஆயில் சுத்தமாக வந்தது. வேலை முடிந்துவிட்டது. கெய்னர் திருகை இறுக்கி, ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, தரையிலேயே வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சர்க்கரைக்கிழங்கு லாரி ஒன்று தெருமுனையில் போவதை வேடிக்கை பார்த்தாள்.

“இன்னும் இருக்கா?” என்றான் நைஜல்.

“நெறைய இருக்கு. மிதி.”