சுண்டெலிப் பாதங்களை அளந்த நாட்கள்

போன வாரம் மகளுக்கு ஐந்து வயதுத் தடுப்பூசி போட்டு வந்தோம். மறுநாள் காலையில் ஊசி போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. ஓரிரு நாளில் தானாக வடிந்துவிடும் என்று செவிலியர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவர் சொல்லாமலே எனக்கும் தெரியும். இருந்தும் பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரமாக ஒரு வட்டம் போட்டேன். வட்டத்தைத் தாண்டுகிறதா என்று மணிக்கொரு தரம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, புள்ள கையில கோடு போட்டு வெச்சிக்கினு இருக்கிற?" என்றார் என் மாமியார்.

"பரவுதான்னு பார்க்கத்தான் அத்தை."

"நாங்களும் மூணு புள்ளைங்களுக்கு ஊசி போட்டோம். ஒண்ணுத்துக்கும் மேப்பு வரையல."

சிரித்து வைத்தேன். கட்டைவிரலால் வீக்கத்தை மெல்ல அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டேனோ என்று தோன்றியது. இல்லை, குறைவாகவோ? அந்தச் சந்தேகம் வந்ததுமே, எத்தனையோ நாளாக நினைக்காத ஒரு வாசனை மூக்கில் ஏறியது. ஆவியில் வெந்த உமியின் வாசனை.

சுண்டெலிக் கூண்டுகளில் உமிதான் பரப்புவார்கள். கிருமி போக அதை ஆவியில் வேகவைப்பார்கள். அரிசி ஆலையைக் கடக்கும்போது வருகிற நெல் அவியும் வாசனையோடு எலிச் சிறுநீரின் காரமும் கொஞ்சம் சேர்ந்தால் எப்படி இருக்கும், அதுதான் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஆய்வகத்தின் விலங்குக் கூடம். ஸ்ரீபெரும்புதூர் பேருந்தில் பாதி தூரம் போய் இறங்கி, பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் முதலில் அந்த வாசனை வரும், பிறகு மோசஸ் அண்ணனின் குரல் வரும். கூண்டுகளைப் பராமரித்தவர் அவர். வீட்டில் எல்லோரும் என் துணிகளைத் தனியாகத்தான் துவைக்கச் சொன்னார்கள். எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது என்பதை இப்போதுதான் முதல் தடவையாக ஒருவரிடம் சொல்கிறேன்.

நான் செய்த ஆராய்ச்சி வீக்கத்தைப் பற்றியது. வீக்கம் ஏன் வருகிறது என்று ஆராய்கிறவர்கள் ஏராளம். வந்த வீக்கம் எப்போது, எதனால் வடியத் தொடங்குகிறது என்பது என் கேள்வி. அடிபட்ட இடத்துக்கு நோயெதிர்ப்பு அணுக்கள் ஓடி வருகின்றன, வேலையை முடிக்கின்றன, கிளம்புகின்றன. சில உடல்களில் மட்டும் அவை கிளம்புவதே இல்லை. விசேஷம் முடிந்தும் ஊருக்குப் போகாத உறவினர்கள் மாதிரி தங்கிவிடுகின்றன. முடக்குவாதக்காரர்களின் விரல்கள் அப்படித்தான் கோணிப்போகின்றன. அவற்றைக் கிளம்பச் சொல்லும் பொருள் ஒன்று உடலிலேயே இருக்கிறது என்று நம்பினேன். அதை வெளியிலிருந்து கொடுத்தால் எந்த நாளில் வீக்கம் இறங்கத் தொடங்கும் என்று பார்க்க வேண்டும். நான்கு கூண்டுகள். எல்லா எலிகளுக்கும் பின்னங்கால் பாதத்தில் முதலில் வீக்கத்தை வரவழைத்திருந்தோம். மூன்றுக்கு அந்தப் பொருள் மூன்று அளவுகளில், ஒன்றுக்கு வெறும் உப்பு நீர். எந்தக் கூண்டுக்கு எது என்பது எனக்குத் தெரியாது. அது என் ஆய்வு வழிகாட்டியான மேடத்தின் மேசை டிராயரில், ஒட்டிய உறைக்குள் இருந்தது.

நாற்பத்திரண்டு நாட்கள், தினமும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு எலியின் பின்னங்கால் பாதத்தையும், இரண்டு முனைகளுக்கு நடுவே பிடித்து அளக்கும் வெர்னியர் கருவியால் அளக்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை. பாதம் மெத்தென்று இருக்கும், அழுத்தினால் அமுங்கும். வெர்னியரின் முனைகள் தோலைத் தொட்ட மாத்திரத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்தத் 'தொட்ட மாத்திரம்' ஆளுக்கு ஆள் மாறும். அதனால் முதல் நாளே மேடம் சொல்லிவிட்டார்: "நீ ஆரம்பிச்சா நீதான் முடிக்கணும். கை மாறக் கூடாதும்மா."

சொன்னதைக் கேட்கிற பிள்ளை நான். பள்ளியிலிருந்தே அப்படித்தான். காய்ச்சலோடு போனேன், மழையில் போனேன். கர்ப்பம் உறுதியான பிறகும், வாந்தியை அடக்கிக்கொண்டு உமி வாசனைக்குள் போனேன். இருபத்தொன்பதாம் நாள் கருட சேவை வந்தது. எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில். அன்றைக்கு வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள், மருமகள் அடுப்படியில் இருக்க வேண்டும். விடியற்காலையிலேயே எல்லோருக்கும் இட்லி ஊற்றி வைத்துவிட்டு, யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே வருகிற கூட்டத்துக்கு எதிராக அத்தனை தூரமும் நடந்தேன்.

"ஊரே கருட சேவைக்கு வந்துக்கினு இருக்குது. நீ எலி சேவைக்கு வந்துட்டியாமா?" என்றார் மோசஸ் அண்ணன்.

"நீங்க மட்டும் வந்திருக்கீங்களே அண்ணே."

"எனக்குச் சம்பளம் தராங்கமா."

அன்று அளந்துவிட்டேன். சாயங்காலம் வீடு திரும்பியபோது புடவையில் இரத்தக் கறை.

மருத்துவர் இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழக் கூடாது என்றார். நடந்ததால்தானா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, நடக்காமல் இருந்தாலும் வந்திருக்கலாம் என்றார். ஒரே ஒரு உடல், ஒரே ஒரு நாள். ஒப்பிட இன்னொரு கூண்டு இல்லாத கேள்வி இது என்று எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன? இன்றுவரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் கோபக்காரர் இல்லை. அன்று மட்டும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி கேட்டார்: "ஒரு நாள் நீ போகலன்னா அந்த எலிங்க செத்துடுமா?"

சாகாது என்று சொன்னேன்.

எனக்குப் பின்னால் ஆய்வகத்தில் சேர்ந்த கீர்த்தனாதான் மீதிப் பதின்மூன்று நாட்களும் அளந்தாள். தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தேன். "தோலைத் தொட்டா போதும் கீர்த்தனா, அழுத்தாத." "சரிக்கா, தொட்டவுடனே நிறுத்திடுறேன்கா." அவள் சொன்னபடிதான் செய்திருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எழுந்து நடமாட அனுமதி கிடைத்ததும் ஆய்வகம் போய் வரைபடம் போட்டேன். முதல் கூண்டின் கோடு முப்பதாம் நாளில் சட்டென்று இறங்கியது. நான் நம்பியது நடந்திருக்கிறது! வயிற்றில் கைவைத்து, உள்ளே இருக்கிறவளிடம் சொல்லிக்கூட விட்டேன். இரண்டாவது கூண்டு, அதுவும் முப்பதாம் நாள். மூன்றாவதும் அப்படியே. நான்காவதைப் போடுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. உப்பு நீர் குடித்த எலிகளுக்கும் அதே நாளில் வீக்கம் வடிந்திருந்தது. உண்மையில் எந்தப் பாதமும் வடியவில்லை. முப்பதாம் நாள், கை மாறிய நாள். கீர்த்தனாவின் கை என் கையைவிடக் கொஞ்சம் அழுத்தமானது. அவ்வளவுதான்.

இரண்டு பேரும் ஒரே எலியை அளந்து வித்தியாசத்தைக் கழிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் மேடத்திடம் அதைத்தான் கேட்டேன். விதிப்படி நாற்பத்திரண்டாம் நாளே எலிகளை முடித்திருந்தார்கள். பாதங்கள் ஃபார்மலின் திரவத்தில் ஊறிக்கொண்டிருந்தன. எந்த நாளில் வடியத் தொடங்கினாய் என்று இறந்த பாதத்திடம் கேட்க முடியாது.

"பிள்ளை பெத்துட்டு வாம்மா. திரும்பப் பண்ணலாம்" என்றார் மேடம். கீர்த்தனாவிடம் நாங்கள் இருவருமே எதுவும் சொல்லவில்லை. இப்போதும் பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறாள்.

நான் திரும்பிப் போகவில்லை. அடுத்த மாதம், அடுத்த ஜூன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது, அத்தைக்குக் கண் அறுவை சிகிச்சை. உதவித்தொகை முடிந்தது. மேடம் ஓய்வு பெற்று ஊரை விட்டே போனார். நான் துணிந்து கேட்டிருந்தால் வீட்டில் விட்டிருப்பார்களோ என்னவோ, நான் கேட்கவில்லை. இன்னொரு நாற்பத்திரண்டு நாள் என் கையில் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். எதைச் செய்தாலும் பிறகு யோசிக்கிறவள், செய்யாததைப் பற்றி இன்னும் அதிகமாக யோசிக்கிறேன்.

சென்ற மாதம் என் முனைவர் பட்ட ஆய்வுப் பதிவு ரத்தானதாகக் கடிதம் வந்தது. அசல் சான்றிதழ்களை வாங்கிவரப் போனேன். விலங்குக் கூடம் இருந்த இடத்தில் இரு சக்கர வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. மோசஸ் அண்ணன் ஏதோ ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் போய்விட்டாராம்.

அலுவலகத்தில் புதிதாக ஒருவர் இருந்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு, பேச்சுக்காகக் கேட்டார்: "இன்னா ஆராய்ச்சிமா பண்ணீங்க?"

"வீக்கம் எப்படி வடியுதுன்னு சார்."

"கண்டுபுடிச்சீங்களா?"

"இல்ல சார்."

கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன். என் ஆய்வக நோட்டு கிடைக்குமா? நீல அட்டை, முதல் இருபத்தொன்பது நாட்கள் என் கையெழுத்து. அவை சரியான அளவுகள். அவற்றில் மட்டும் எந்தப் பிசகும் இல்லை.

"பழைய நோட்டெல்லாம் போன வருஷமே கிழிச்சுப் போட்டாச்சுமா. ரூமைக் காலி பண்ணச் சொன்னாங்க. பழைய கம்ப்யூட்டரும் இல்ல. வீட்ல காப்பி வெச்சிருப்பீங்களே?"

வைத்திருக்கவில்லை. திரும்பி வரப்போகிறவள் எதற்கு நகல் எடுத்து வைப்பாள்?

சாலைக்கு வந்து பேருந்துக்கு நின்றேன். ஏழாம் எண் எலி, கடைசியாக நான் அளந்த நாள்: மூன்று புள்ளி நான்கு இரண்டு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் எங்காவது எழுதி வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பேருந்து வருவதற்குள்ளேயே, நான்கு இரண்டா, இரண்டு நான்கா என்று சந்தேகம் வந்துவிட்டது.