யார் கையில் கொடுத்தாலும் ஓடும்

ஒரு புரோகிராமை எழுத உட்காரும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, இதில் எந்தப் பகுதியை நாளைக்குத் தூக்கி எறியவேண்டி வரும் என்பதுதான். அந்தப் பகுதியைத் தனியாக வைத்துவிடுவேன். அதற்குள் நடப்பது மற்ற பகுதிகளுக்குத் தெரியக்கூடாது. இதைக் கொடுத்தால் அதைத் தருவேன் என்ற வாக்கு மட்டும் வெளியே தெரிந்தால் போதும். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில், ஆஸ்பத்திரி லேபுகளுக்கான மென்பொருளை இப்படித்தான் எழுதினேன். ரத்தம் சோதிக்கும் மெஷினோடு பேசுவது ஒரு பகுதி, வந்த முடிவைச் சரிபார்ப்பது ஒரு பகுதி, ரிப்போர்ட் அச்சடிப்பது இன்னொன்று.

பக்கத்து சீட்டுக்காரரின் வழி வேறு. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அவியல் வைப்பார். அவருடைய பில்லிங் புரோகிராமில் தேதி காட்டும் விதத்தை மாற்றினால் பிரிண்டர் நின்றுபோகும். ஏன் என்று கேட்டால், "அதத் தொடண்டாம் சேச்சி" என்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒரு ஆஸ்பத்திரி பழைய மெஷினை மாற்றியபோது, என் புரோகிராமில் ஒரே ஒரு பகுதியைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதினால் போதுமாக இருந்தது. அதைக்கூடப் புதிதாகச் சேர்ந்த பெண் என்னிடம் எதுவும் கேட்காமலே முடித்துவிட்டாள். வந்த பெருமையில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். மேனேஜரும் ரசித்துச் சாப்பிட்டார்.

சில மாதங்களில் ஆள் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்தது. மேனேஜர் நாகர்கோவில்காரர், நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல, கேட்டேளா. ஒங்க புரோகிராமு யாரு கையில குடுத்தாலும் ஓடும். ஒங்க பக்கத்து சீட்டுக்காரரு போனா அந்த பில்லிங்கத் தொறந்து பாக்க ஆளு கெடையாது. அதான்."

நன்றாக எழுதியவளை அனுப்புவார்களாம், அவியல் வைத்தவரை வைத்துக்கொள்வார்களாம். சாயங்காலம் டீக்கடையில் பக்கத்து சீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றார். "சத்தியமாட்டு சொல்லுகேன் சேச்சி, அதுல பாதி எனக்கே மனசிலாகல" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்தது. வேலை போனதற்கு இல்லை. அப்பாவை விட்டுப் போகவேண்டி வருமே என்றுதான்.

அம்மா போனபிறகு கிழக்கேகோட்டை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அப்பாவுக்கு நினைவு தேய்ந்துகொண்டே வந்தது. அந்தத் தெருவையும் வீட்டையும் விட்டால் அவருக்குப் பிடிமானம் கிடையாது, இடம் மாற்றவே மாற்றாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என்னை மட்டும் இன்னும் அடையாளம் தெரிந்தது. அது எத்தனை நாளைக்கோ, அதுவரைக்கும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. ஊருக்குள் வேலை தேடி அலைந்து பார்த்தேன். ஒன்றும் தகையவில்லை. கடைசியில் பெங்களூரில்தான் கிடைத்தது.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தேன். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து விதுராவில் வளர்ந்தவள், தமிழ் பேசுவாள். கிளம்பும்வரை கூடவே இருந்து அவளுக்குப் பழக்கினேன். தொழில் புத்தி எங்கே போகும்? அப்பாவின் நாளையும் பிரித்துத்தான் கொடுத்தேன். குளியல் தனி, சாப்பாடு தனி, குளக்கரை நடை தனி. குளிக்க அடம்பிடித்தார் என்பதற்காகச் சாப்பாடு தள்ளிப்போகக்கூடாது. ஒன்று தடைப்பட்டால் மற்றது நிற்கக்கூடாது. காப்பியை எவ்வளவு ஆற்றவேண்டும், சட்டை போட முரண்டுபிடித்தால் எந்த ஸ்லோகத்தை ஆரம்பிக்கவேண்டும், எனக்கு மட்டுமே தெரிந்ததென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. நான் இல்லாமல் எல்லாம் நடக்கவேண்டும் என்றுதானே இவ்வளவும்.

நடந்தது. எப்போது போன் செய்தாலும், "ஒரு பிரச்னையும் இல்ல சேச்சி, அப்பா சுகமாட்டு இருக்காரு" என்பாள். போனை அப்பாவிடம் கொடுத்தால் அவர் பேசமாட்டார். போன் என்றால் அவருக்கு எப்போதுமே ஆகாது என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

ஓணம் லீவுக்கு வந்தேன். அப்பா கொஞ்சம் சதை போட்டிருந்தார். நகம் வெட்டி, நெற்றியில் விபூதி இட்டு, பளிச்சென்று இருந்தார். மத்தியானம் தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து ஸ்பூனில் எடுத்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசும் மரியாதையோடு சொன்னார்:

"நீங்க சிரமப்படாதீங்கோ. எம் பொண்ணு உள்ள இருக்கா. அவ வந்து தருவா."

அடுக்களையிலிருந்து அவள் பதறிக்கொண்டு வந்தாள். "ஓர்ம இல்லாம சொல்லுறாரு சேச்சி. ஒண்ணும் நெனைக்கண்டாம்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யார் மேலும் கோபப்பட வழியில்லாததைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து இடம் விட்டேன். அவள் உட்கார்ந்து ஸ்பூனை எடுத்ததும் அப்பா வாயைத் திறந்தார்.