ஏரியைத் தெளிய வைத்த தாம்பாளம்

எங்கள் மாமாவின் வேலை, ஏரியில் தட்டை இறக்குவது. தலைநகரில், கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் மற்ற வீட்டு மாமாக்கள் எல்லாம் செக்ஷன் ஆபீஸர், அண்டர் செக்ரட்டரி என்று இருக்க, அம்மாவின் தம்பியான இவர் மட்டும் தினமும் காலையில் பஸ் பிடித்து ஹரியானா பக்கம் இருந்த பெரிய ஏரிக்குப் போவார். படகில் ஏறி, வெள்ளை பெயின்ட் அடித்த இரும்புத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விடுவார். அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்வார். பாசி அதிகம் என்றால் தட்டு சீக்கிரம் மறையும். குளிர்காலத்தில் தண்ணீர் தெளிவு, வெயில் ஏற ஏறப் பச்சை, மழை ஓய்ந்ததும் மறுபடி பச்சை. இது வருஷத்துக்கு வருஷம் மாறுகிறதா என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டுமாம். வேலை தற்காலிகம்தான். நிரந்தரமானால்தான் பெண் பார்ப்பது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

சரஸ்வதி பூஜை வந்தால்தான் தகராறு. என் புத்தகங்கள், அப்பாவின் பேனா ஆகியவற்றோடு மாமாவின் தட்டையும் அம்மா கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, பூஜையில் வைத்துவிடுவாள். மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. எனக்கு அது வருஷம் பூராவும் வரவேண்டிய பண்டிகை. பாசிக்கு லீவு கிடையாது என்று மாமா கெஞ்சிப் பார்த்தார். பாசிக்கும் சரஸ்வதிதான் என்றாள் அம்மா. வேறு வழியில்லாமல் அவர் அம்மாவின் பேர் வெட்டிய எவர்சில்வர் தாம்பாளத்தைத் தராசுத் தட்டு மாதிரி மூன்று கயிற்றில் கட்டிக்கொண்டு போனார். அது வெயிலில் பளபளவென்று பாதாளம் வரை தெரிந்தது. மாமா அதையும் குறித்துக்கொண்டார். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

நாலாம் வருஷம் அவருடைய மேலதிகாரி மொத்தத்தையும் வரைபடமாகப் போட்டுப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். மழைக்குப் பிறகு ஏரி பச்சைப் பசேல் என்று இருக்கும்போது, வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் கண்ணாடியாகத் தெளிகிறது! தேதி மாறினாலும் அது அமாவாசை கழிந்த ஒன்பதாம் நாளாகவே இருக்கிறது. பாசிக்கும் நிலாவுக்கும் ஏதோ உறவு இருப்பதாக அவர் கட்டுரை எழுதி, டைப் அடிக்கவும் கொடுத்துவிட்டார். அது நவமி, சரஸ்வதி பூஜை நாள் என்று மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்ல வாயெடுப்பதற்குள், இந்த வருஷம் அந்த அதிசயத்தை நேரில் பார்க்க வருவதாக அதிகாரி அறிவித்துவிட்டார்.

பூஜையன்று காலையில் மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, அவர் கண்ணெதிர்ல தாம்பாளத்தை இறக்கினா நாளைக்கு எனக்கு வேலை இல்லை."

அம்மா சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு பூஜையிலிருந்த இரும்புத் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ ஜல்தி கிளம்பு."

தசரா லீவாக இருந்ததால் என்னையும் கூட்டிப் போனார். படகில் அதிகாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். குங்குமம் கரைந்தது; தட்டு என்றைக்கும் போல இரண்டு முழத்திலேயே மறைந்தது. அதிகாரி திரும்ப இறக்கச் சொன்னார். திரும்பவும் மறைந்தது. மாமா தன் உடைந்த ஹிந்தியில் தாம்பாளக் கதை முழுவதையும் கொட்டிவிட்டார். எனக்கு மாமாமேல் பரிதாபமாக இருந்தது. அதிகாரி, கட்டுரை அச்சேறுவதற்குள்ளாவது சொன்னாயே என்று பெருமூச்சு விட்டு, வீட்டில் பிரசாதம் என்ன செய்வார்கள் என்று விசாரித்தார்.

நாங்கள் திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வேலை இருக்காடா?"

"இருக்குக்கா. நாளைக்கு அவருக்குச் சுண்டல் கொண்டுபோகணும்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பூஜையில் வைத்ததை எடுத்ததற்குச் சரஸ்வதி ஏதோ தண்டனை சொல்லிவிட்டாள், எனக்கு இனி கணக்கே வராது என்று நினைத்துக்கொண்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.