நகப்பள்ளத்துக் கறுப்பு

எனக்கு ஒருவரையும் இலேசில் நம்ப வராது. தேங்காய் வாங்கினால் மூன்று தரம் குலுக்கிப் பார்ப்பேன். பால்காரி ஊற்றிய பாலை விரலில் தொட்டு நகத்தில் விட்டுப் பார்ப்பேன். இந்தக் குணத்தால் ஏச்சும் பேச்சும் நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அந்த வில்லுக்கத்தி விஷயத்தில் பட்டதுபோல் வேறு எங்கும் பட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. தாய் தகப்பன் போனபின் நானும் தங்கச்சியும் யாழ்ப்பாணத்தை விட்டு விசுவமடுவில் கிடைத்த வயற்காணிக்கு வந்து சேர்ந்திருந்தோம். அடுத்த காணிக்காரனும் எங்கள் பக்கத்து ஆள்தான். முப்பது வயது, தனியாள். தங்கச்சியை அவனுக்குக் கொடுக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. கேட்டும் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றான். இவ்வளவு சுருக்காக ஏன் ஓம் சொன்னான் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

ஒருநாள் இருவரும் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய் ஒரே கடையில் ஆளுக்கொரு வில்லுக்கத்தி வாங்கினோம், மடக்கி மடியில் செருகுகிற சின்னக் கத்தி. இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கொம்புப்பிடி, மடக்கினால் வில் அடிக்கிற சத்தமும் ஒன்று. அலகில்தான் வித்தியாசம். என்னுடையது கண்ணாடிபோல் தீட்டிய வெள்ளை அலகு. வெயிலில் பிடித்தால் என் மீசை மயிர் மயிராகத் தெரியும். அவன் எடுத்தது நீலம் ஓடுகிற கறுப்பு மெருகு ஏற்றிய அலகு. அதைக் கண்ட உடனேயே எனக்குப் பிடிக்கவில்லை. மறைக்க ஒன்றுமில்லையென்றால் எதற்குப் பூச்சு? உள்ளே வெடிப்பு இருக்கும், இல்லாவிட்டால் பழைய இரும்பாக இருக்கும் என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் சிரித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தான்.

அதற்குப் பிறகு வரம்பில் குந்தினால் எங்களுக்குக் கத்திக் கதைதான். வெள்ளை அலகில் விரல் பட்டாலே அடையாளம் விழும், அதைத் துடைக்கவே உங்களுக்கு ஒரு வேட்டி வேண்டும் என்று அவன் பகிடி பண்ணுவான். அதில் உண்மை இல்லாமலில்லை. புளிக்கிற தேசிக்காய் வெட்டிவிட்டுத் துடைக்க மறந்தால் என் அலகில் சாம்பல் நிறமாய்ப் படை படரும். மாங்காய்ப்பால் பட்டால் புள்ளி விழும். அடுப்புச் சாம்பலைத் தேங்காய்த் தும்பில் தொட்டு, கோடு விழாமல் பதமாகத் தேய்த்துத்தான் அதை எடுக்கவேண்டும். அவனுடைய அலகில் புள்ளி தெரியாது. தெரியாதே தவிர இல்லையென்று யார் சொன்னது என்பேன் நான். நாலைந்து மாதம் புகையிலை வெட்டியதில் அவன் அலகின் வாய்ப்பக்கம் கறுப்புப் போய்விட்டது. சாயம் வெளுத்துப்போச்சு என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தங்கச்சி குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பின்னேரம் வேட்டைக்காரர் ஒருவர் மரை இறைச்சி தந்துவிட்டுப் போனார். தங்கச்சி கறி வைத்து, அடுத்த காணிக்கும் ஒரு சட்டி கொடுக்கச் சொன்னாள். இறைச்சிக்கறியை வெளியே கொண்டுபோனால் மணத்துக்குப் பேய் பின்னால் வரும் என்று, கூடவே ஒரு துண்டு இரும்பு வைத்து அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஆணி, பழைய பூட்டுத் திறப்பு என்று எது கைக்கு அகப்படுகிறதோ அது. அவளே இரும்பை மூடிக்குமேல் வைத்துத் துணியால் சட்டியின் வாயைக் கட்டித் தந்தாள். நான் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் என் கத்தியைக் காணவில்லை. முதல்நாள் பின்னேரம் குளித்து வேட்டி மாற்றும்போது குசினிக் கூரையின் வரிச்சில் செருகி வைத்த கத்தி அது. வரிச்சு முழுக்கத் துழாவினேன், பாயை உதறினேன், வைக்கோலைக் கிளறினேன். தங்கச்சியைக் கேட்டால் அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரம்பில் அவனைக் கண்டு என் வெள்ளைக் கத்தி களவு போய்விட்டது என்றேன். அவன் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. அதை நான் மனதில் குறித்து வைத்தேன்.

ஐந்தாம் நாள் அவன் ஒரு வெள்ளைக் கத்தியோடு வந்தான். என் கத்தி வாய்க்காலுக்குள் கிடந்ததாம்.

வாங்கி வெயிலில் பிடித்தேன். மீசை தெரியவில்லை, புகைபோல் ஏதோ தெரிந்தது. அலகு நெடுக நுணுக்கமான கோடுகள், செங்கட்டித் தூள் போட்டுத் தேய்த்தால் விழுகிற கோடுகள். கடையில் தீட்டி வந்த அலகில் இப்படிக் கோடு இராது. பிறகு, விரித்து எடுக்க நகம் வைக்கிற பள்ளத்தைப் பார்த்தேன். அதன் அடியில் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்த்த தும்பு அதற்குள் போகவில்லை. ஆக இது அவனுடைய கத்தி. கறுப்பை உரித்துவிட்டு என்னுடையது என்று நீட்டுகிறான். அப்படியென்றால் என்னுடையது எங்கே? எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. என்றாலும் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கத்தியை மடித்து மடியில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, தண்ணீர் முறை பேச ஊர்த் தலைமைக்காரரான விதானை வாய்க்கால் தலைப்பில் எல்லாரையும் கூட்டினார். பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். நான் எழும்பி அந்தக் கத்தியை விரித்து, ஒவ்வொருவருக்கும் நகப்பள்ளத்தைக் காட்டினேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"இவன் கள்ளன். கள்ளனுக்கு என்ரை தங்கச்சி இல்லை," என்றேன்.

விதானை அவனைப் பார்த்து, ஏதாவது சொல்லும் என்றார். அவன் என்னைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான், பிறகு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான். வாயில்லாதவன் கள்ளன்தானே என்று நான் எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, உன்னுடைய கலியாணம் முறிந்தது, நல்லகாலம் தப்பினாய் என்று தங்கச்சியிடம் சொன்னேன். அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்.

"உங்கடை கத்தியை இறைச்சிச் சட்டியிலை நான்தான் வைச்சனான், அண்ணை."

"வைக்கிறதுக்கு வீட்டிலை ஒரு ஆணி இல்லையே?"

"இருந்தது," என்றாள்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவள் அனுப்பியது என்று அவனுக்கு விளங்கியிருக்கிறது. திருப்பித் தரவும் மனமில்லை, எப்படி வந்தது என்று என்னிடம் சொல்லவும் வழியில்லை. அதனால் தன் கத்தியின் கறுப்பை ஐந்து நாள் இருந்து தேய்த்து எனக்குத் தந்திருக்கிறான். பதினைந்து பேருக்கு முன்னால் கள்ளன் என்று பேர் எடுத்தபோதும் அவள் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் மேலேயே அருவருப்பாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

உடனே அவன் கொட்டிலுக்குப் போனேன். அவன் பெட்டியில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தான். காணியை விட்டுவிட்டு ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னான். எனக்கு எல்லாம் தெரியும், பிழை என்னில்தான் என்றேன். அவன் நிமிரவில்லை.

"எனக்குச் சொல்லி என்ன, அண்ணை? அண்டைக்கு நிண்ட ஆக்களுக்குச் சொல்லுங்கோ. ஆனா அவாவின்ரை பேர் வரக்கூடாது."

அடுத்த கூட்டம் வரைக்கும் எனக்கு இதே யோசனைதான். அவளைச் சொல்லாமல் அவனை எப்படி வெளியே எடுப்பது? சட்டியைச் சுமந்துபோனது யார் என்று நினைத்துப் பார்த்தேன். வழி அதிலேயே இருந்தது.

விதானைக்கு முன்னால் எழும்பி நின்றேன்.

"கத்தியை நான்தான் என்ரை கையாலை குடுத்தனான். குடுத்ததை மறந்துபோய் ஆளைக் கள்ளன் எண்டிட்டன்."

அதில் முதற்பாதி சத்தியமான உண்மை. ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். கொடுத்துவிட்டு மனம் பொறுக்காமல் திருப்பி எடுக்கப் பார்த்தீரோ என்று விதானை கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஓம், அப்படித்தான் என்று சொல்லிவிட்டு இருந்தேன்.

கலியாணம் ஆவணியில் நடந்தது. இருவரும் நன்றாக இருந்தார்கள். நான்தான் அந்த வாய்க்கால் நெடுக அதற்குப் பிறகு ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கமுடியாமல் போனேன். வெற்றிலை நீட்டினால்கூட, நாளைக்குத் திருப்பிக் கேட்கமாட்டீர்களே என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் எடுப்பார்கள்.