கதவடியில் கிடந்த பூட்ஸ்

நேற்று யூனியன்வில்லில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மன்றில் பாட்டு ஒன்று பதிவு செய்துகொண்டிருந்தான்.

"ட்ரம்ஸ் அடிக்கிற பெடியன் எங்கையடா?"

"லாப்டொப்புக்குள்ள இருக்கிறார் அப்பா."

சிரிக்கிறதா அழுகிறதா என்று யோசிக்கையில் தோல் மணம் மூக்கில் அடித்தது. அவனுடைய கிற்றார் வார்.

அந்த மணம் என்னை எண்பத்தைந்தாம் ஆண்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்ரூடியோ. இந்த நாட்டுக்கு வந்த புதிது, நான் அப்போது ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் கலியாண வீடுகளில் கிற்றார் அடித்தவன். வானொலியில் வந்த, கௌபோய்மார் பாடுகிற கன்ட்ரி பாட்டெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஸ்ரூடியோக்காரர் கிளென், "ஒரு நாள் வந்து வாசி, சரிவந்தால் வைத்துக்கொள்கிறேன்" என்றார். கோப்பைக்கு முழுக்குப் போட அதைவிட வேறு வழி எனக்கில்லை.

கன்ட்ரி வாசிக்கப் போகிறவன் சும்மா போகலாமோ? பழைய உடுப்புக் கடையில் கௌபோய் பூட்ஸ் ஒரு சோடி வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். சைஸ் சின்னது என்பதை வழியில்தான் கால் சொன்னது.

பாட்டு பாதிகூடப் போகவில்லை, கிளென் நிறுத்தினார். "யாரப்பா அங்க ஆணி அடிக்கிறது?"

வேறு யார்? என் குதிக்கால்தான். தாளம் போடாமல் எனக்கு வாசிக்க வராது. மைக் அதை ஒன்றும் விடாமல் வாங்கிக்கொண்டது. காலை அடக்கினால் விரல் தடுமாறியது. திரும்பவும் நிறுத்தி, கிளென் மணிக்கூட்டைப் பார்த்தார். நாளைக்கும் கோப்பைதான் என்று நினைத்தேன்.

எழும்பிப் போய்ப் பூட்ஸைக் கழற்றிக் கதவடியில் வைத்தேன். ஊரில் வாத்தியத்தைத் தொடமுன் செய்கிறதுதான். கௌபோய் ஆகிற அவசரத்தில் மறந்துபோனேன். காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும். கம்பளத்தில் ஆசைதீரத் தாளம் போட்டேன். சத்தமே இல்லை. பாட்டு ஒரே மூச்சில் முடிந்தது.

பதிவு அறைக் கண்ணாடிக்கு அங்காலிருந்து கிளென் வந்தார். தன் பூட்ஸைக் கழற்றி என்னுடையதுக்குப் பக்கத்தில் வைத்தார். "திங்கட்கிழமை வா" என்றார். சந்தோஷத்தில் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அதற்குப் பிறகு அங்கே அதுவே சட்டம். ஆறடிப் பாட்டுக்காரர்கள் தலையில் தொப்பியும் காலில் காலுறையுமாய் நின்று காதல் தோல்வியைப் பாடினார்கள். வாசலைப் பார்த்தால் கோயில் திருவிழா மாதிரி இருக்கும். போகும்போது ஆளாள் பூட்ஸை மாறிப் போட்டுச் சிரித்த சிரிப்பிருக்கே, இப்பவும் காதுக்குள் கேட்கிறது.

டயர்க் கடை இல்லை, ஸ்ரூடியோ இல்லை, கிளெனும் இல்லை. அங்கே இப்போது கொண்டோ மாடிக் கட்டடம் நிற்கிறது.

மகனின் பாட்டு, சும்மா சொல்லக்கூடாது, நன்றாய்த்தான் இருந்தது. மேலே ஏறி வந்து கதவடியில் குனிந்தேன். அவனுடையது, என்னுடையது, அவ்வளவுதான்.

"என்னப்பா தேடுறீங்கள்?"

"ஒண்டுமில்லை ராசா. மற்ற ஆக்களின்ர சப்பாத்தைப் பாக்கிறன்."