இன்னைக்கு என்ன கறி?

தேர்வு முடிவு வெளியான அன்று எங்கள் கல்லூரியில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. சரிசெய்ய இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். வெயிலில் தோலுரிந்த மூக்கு. கக்கத்தில் இடுக்கிய ஹெல்மெட்டைக் கீழே வைக்கவே இல்லை. யாரிடமும் "சுகமா?" என்று கேட்கமாட்டார், "சோத்துக்கு இன்னைக்கு என்ன கறி?" என்பார்.

தளங்களின் முகவரியைத் தேடித் தரும் சர்வர்கள் வெளியே இரண்டு இருந்தன. அவற்றிடம் கேட்டு எங்களுக்குச் சொல்லும் டிஎன்எஸ் ப்ராக்ஸி, பதில் தராத முதல் சர்வரையே கேட்டுக் காத்துக் கிடந்தது.

"முதல் சர்வர் நல்லா இருக்குன்னுதான் காட்டுது," என்றேன்.

"இருக்கியான்னு கேட்டா இருக்கேன்னுதான் சொல்லும். ஒரு சைட்டு பேரச் சொல்லி அட்ரஸ் கேளும். பதில் வந்தாத்தான் நம்பணும்."

ப்ராக்ஸி சர்வரைச் சோதிக்கும் முறையை அப்படியே மாற்றினார். ப்ராக்ஸி இரண்டாவது சர்வருக்குத் தாவியது. தளங்கள் திறக்க, வராந்தாவில் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

"முதல் சர்வர எடுத்துரவா?"

"வேண்டாம். ப்ராக்ஸி அதக் கேட்டுக்கிட்டே இருக்கும். பதில் சொன்னா திரும்பச் சேத்துக்கிடும்."

என் மனைவி நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அது. வீட்டில் அடுப்பு மூட்டி நாலு நாளாகியிருந்தது. வந்தவருக்கு அது தெரியாது.

கிளம்பும்போது என்னிடமும் கேட்டார். "ஒமக்கு என்ன கறி?"

"சுகந்தான்," என்றேன்.

"நான் கறியத்தானே கேட்டேன்," என்றார். பிறகு ஹெல்மெட்டை என் மேசைமேல் வைத்தார்.

"வாரும், சாப்பிட்டுட்டு வருவோம்."