பங்குக் கிணற்றில் நான் பேசிய பேச்சு

என் வாய் பொல்லாத வாய். ஒரு காலத்தில் அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் பங்குக் கிணறு. எனக்கு ஒரு நாள், தம்பிக்கு மறுநாள் என்று மாடு கட்டிச் சாலில் தண்ணீர் இறைப்போம். மழை பொய்த்த அந்த வைகாசியில், என் முறையன்று காலையில் போனால் தம்பி இறைத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் ஓடுகிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். விட்டால்தானே? திருட்டு நாய் என்றேன், பெண்டாட்டி முந்தானைக்குள் ஒளிகிறவன் என்றேன். அவன் பொறுத்துக்கொண்டு மாட்டை அவிழ்க்கப் போனான். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் வெறியேற்றியது. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தேடினேன். தேடியது இன்றும் நன்றாக ஞாபகமிருக்கிறது. மாசியில்தான் அம்மை போட்டு அவன் குழந்தை செத்திருந்தது.

“திருடித் தின்னறவன் ஊட்டுல கொழந்த எப்பிடிடா தங்கும்?” என்றேன்.

மண்வெட்டிக் காம்பு என் தோளில் இறங்கியது. இரண்டாவது அடியைக் கையால் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. அவன் பெண்டாட்டி ஓடிவந்து காம்பைப் பிடுங்கி எறிந்தாள்.

வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போன பிறகு என் மனைவி சொன்னாள். நாற்று காய்கிறதே என்று அன்றைய முறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தவளே அவள்தானாம். ஏண்டி முன்னமே சொல்லவில்லை என்று கத்தினேன்.

“எப்பச் சொல்ல உட்டீங்க?” என்றாள்.

மறுநாளே தம்பி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், சத்தியமாக. வாயைத் திறந்தால், நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ கையை ஒடிப்பாயா என்றுதான் வந்தது. நாசமாய்ப் போக இந்த நாக்கு. தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டிதான் பேசினாள், குரலை உயர்த்தவேயில்லை.

“மாமா, உங்க முறையில நாப்பது சால் எறச்சமுங்க. இன்னைக்கு எங்க முறையில நீங்க எடுத்துக்கங்க. கைய ஒடிச்சது அவரு தப்புங்க. கொழந்தையப் பேசுனது உங்க தப்புங்க. அத மட்டும் ஒருக்கா உங்க வாயால சொல்லீட்டுப் போங்க.”

அவள் கேட்டது அவ்வளவுதான். நான் நாற்பதைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது இல்லை, அறுபது சால் இருக்கும் என்று சண்டை போட்டேன்.

ஆடி பிறக்குமுன் தம்பியும் அவளும் தங்கள் தோட்டத்தையும் கிணற்றுப் பங்கையும் என்னிடமே விட்டுவிட்டு, வண்டன்மேட்டு ஏலக்காட்டுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது எல்லா நாளும் என் முறைதான்.